தங்கவயலுக்குச் சென்ற துவிச்சக்கர வண்டி

பிறந்த ஊரை விட்டு வேற்று நாட்டிற் குடியேறப் புறப்படுகிறவர் எவரும், பயணத்துக்கு முந்திய இரவு பெட்டியின் முன்னால் அமர்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது வழக்கம். எதனை எடுத்துச் செல்வது? எதனை விட்டுச் செல்வது? எதனை அங்கே போய் விலை கொடுத்து வாங்கிக்கொள்வது? உடுப்பையும் புத்தகத்தையும் பற்றி முடிவு செய்வது எளிது. பெட்டிக்குள் அடங்காத பொருள்களைப் பற்றித்தான் தயக்கம் எழுகின்றது. அத்தகைய பொருள்களுள் ஒன்று துவிச்சக்கர வண்டி. பழகிய வண்டியைக் கழற்றிக் கட்டிக் கப்பலில் ஏற்றுவதா, அல்லது போய்ச் சேரும் ஊரிலே புதிதாக ஒன்றை வாங்குவதா என்பது, அந்த வண்டி தோன்றிய காலந்தொட்டு மக்கள் கேட்டு வருகின்ற கேள்வியாகும்.

இந்தக் கேள்வி வெறும் செலவுக் கணக்காக நில்லாமல், சில வேளைகளில் உயிர்க் கணக்காகவும் மாறியதுண்டு. அவ்வாறு மாறிய ஓர் இடத்தையும் காலத்தையும் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். இடம் மேற்கு அவுஸ்திரேலியா. காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு.

இக்கதைக்கும் நமது கொழும்புத் துறைமுகத்துக்கும் நேரான தொடர்பு உண்டு. அந்நாளில் இங்கிலாந்திலிருந்து சூயெஸ் கால்வாய் வழியாக அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற தபாற் கப்பல்கள் கொழும்பிலே தரித்து, பின்னர் இந்து சமுத்திரத்தைக் குறுக்கே கடந்து, மேற்கு அவுஸ்திரேலியாவின் தென்கோடியிலுள்ள அல்பனித் துறையை அடைந்தன. 1900 ஆம் ஆண்டிலே தபாற் கப்பல்கள் பிரிமாந்தில் துறைமுகத்துக்கு மாற்றப்படும் வரையும் இதுவே வழமை. ஆகவே, தங்கம் தேடிப் போன ஆங்கிலேயருட் பலர் கடைசியாகக் கண்ட பச்சை நிலம் நமது இலங்கைக் கரையே என்று சொல்லலாம்.

அவர்களுள் ஒருவர் இந்த மண்ணிலே சிறிது காலம் தங்கியும் சென்றார். டேவிட் கார்ணகி என்பது அவர் பெயர். ஸ்கொத்லாந்தின் பிரபு குடும்பமொன்றிற் பிறந்த அந்த இளைஞர், தேயிலைத் தோட்டத் தொழிலுக்காக இலங்கைக்கு வந்தார். அத்தொழிலிலே அவருக்கு மனம் ஒன்றவில்லை. நண்பர் ஒருவருடன் கப்பலேறி, 1892 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அல்பனித் துறையை அடைந்தார். அந்த வேளையிலே அந்நாடு முழுவதும் ஒரே செய்திதான் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. கூல்கார்டி என்னும் இடத்திலே தங்கம் கண்டெடுக்கப்பட்டுவிட்டது என்பதே அச்செய்தி.

அச்செய்தி பொய்யன்று. ஆதர் பெயிலி, வில்லியம் போர்ட் என்னும் இருவர் கூல்கார்டியிலே தங்கத்தைக் கண்டனர். பெயிலி 554 அவுன்ஸ் தங்கத்தைச் சுமந்துகொண்டு சதர்ன் குரொஸ் என்னும் ஊருக்கு வந்து, 1892 செப்டெம்பர் 17 ஆந் திகதி தமது உரிமையைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் பட்றிக் ஹனன் என்பவரும் அவருடைய தோழர் இருவரும் இன்றைய கல்கூர்லி நகரம் இருக்கும் இடத்திலே மேலும் தங்கம் கண்டனர். 1891 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மேற்கு அவுஸ்திரேலியாவில் இருந்த குடியேறிகள் ஏறக்குறைய 50,000 பேர். பத்தாண்டு கழித்து, 1901 ஆம் ஆண்டிலே அத்தொகை 184,000 ஆயிற்று. இத்துணைப் பெருக்கத்துக்குத் தங்கமே தலையாய காரணம்.

வந்தவர்களுட் பெரும்பகுதியினர் அதே கண்டத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து, சிறப்பாக 1893 ஆம் ஆண்டின் வங்கி வீழ்ச்சியால் வேலையிழந்த விக்டோரியாவிலிருந்து வந்தனர். ஒரே கண்டத்துக்குள் இடம் மாறுவதை வெளிநாட்டுப் பயணம் எனலாமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். 1901 ஆம் ஆண்டு வரையும் அவுஸ்திரேலியா என்ற ஒரே அரசு இருக்கவில்லை. ஆறு குடியேற்ற நாடுகள் தனித்தனியே சுங்கவரி விதித்துக்கொண்டிருந்தன. ஒன்றியம் அமைந்த பின்னரும் மேற்கு அவுஸ்திரேலியா மட்டும் தனது சுங்கவரியை ஐந்து ஆண்டுகளுக்குப் படிப்படியாகக் குறைத்து வசூலிக்க அரசியலமைப்பு இடமளித்தது. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் புகையிரதப் பாதை 1917 ஆம் ஆண்டிலேதான் நிறைவெய்தியது. ஆதலின் மெல்போணிலிருந்து வந்தவரும் கடல் வழியாகவே வந்து, சுங்கக்கூடத்திலே பெட்டியைத் திறந்து காட்டவேண்டிய அந்நியரே ஆவர்.

கரை இறங்கியவருக்கு அடுத்தபடியாகத் தோன்றிய கேள்வி, உள்நாட்டுக்கு எப்படிப் போவது என்பதாகும். புகையிரதம் 1894 ஆம் ஆண்டிலே சதர்ன் குரொஸ் வரை வந்தது. அதற்கப்பாற் கூல்கார்டிக்கு 120 மைல். 1896 மார்ச்சு மாதத்திலே புகையிரதம் கூல்கார்டியை அடையும் வரை அந்த 120 மைலையும் நடந்தோ, குதிரையிலோ, வண்டியிலோதான் கடக்கவேண்டும். இடையிலே ஓர் ஆறு இல்லை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை பத்து அங்குல அளவினதே. தங்கவயலிலே தண்ணீர் விலைக்கு விற்கப்பட்டது. உப்பேரிகளின் நீரைக் காய்ச்சி வடித்தெடுத்து விற்பதே ஒரு தொழிலாக நடந்தது. விறகுக்காக வெட்டப்பட்ட காடுகள் மறைந்தன. தண்ணீர்ப் பஞ்சத்தோடு குடற்காய்ச்சலும் சேர்ந்து பலருடைய உயிரைக் குடித்தது.

அத்தகைய நிலத்திலே குதிரை வைத்திருப்பது செல்வர்க்கே கூடும். வெயிலில் உழைக்கும் குதிரைக்கு நாளொன்றுக்குப் பல கலன் தண்ணீர் வேண்டும். தீனியோ தொலைவிலிருந்து வரவேண்டும். வேலை செய்யாத நாளிலும் அது உண்ணும், குடிக்கும். இந்நிலையிலேதான், உண்ணாததும் குடிக்காததுமான ஒரு வாகனம் அங்கே வந்து சேர்ந்தது.

அது வந்து சேர்ந்த காலமும் வியப்புக்குரியது. இரு சில்லுகளும் ஏறத்தாழ ஒரே அளவினவாய், சங்கிலியினால் பின்சில்லை இயக்கும் ‘ரோவர்’ வண்டியை ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்திலே 1885 ஆம் ஆண்டில் வெளியிட்டார். காற்றடைத்த றப்பர் ரயருக்கு டன்லொப் 1888 ஆம் ஆண்டிலே உரிமை பெற்றார். கூல்கார்டியின் தங்கம் 1892 இலே வெளிப்பட்டது. பத்தாண்டு முந்தி அது வெளிப்பட்டிருந்தால், ஆளுயரச் சில்லின் மேலே ஏறி அமர்ந்து ஓட்டும் பழைய வண்டியே கிடைத்திருக்கும். அதிலேறிப் பாலைவனத்தைக் கடக்க எவருந் துணிந்திருக்க மாட்டார். பத்தாண்டு பிந்தியிருந்தால் மோட்டார் வண்டி மெல்லத் தலைகாட்டத் தொடங்கியிருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு இடைவெளியிலே, துவிச்சக்கர வண்டி ஒரு நாட்டின் தொழிற்கருவியாக உயர்ந்தது.

இனி, நாம் தொடக்கத்திலே எழுப்பிய கேள்விக்கு வருவோம். வண்டியைக் கொண்டு செல்வதா, அங்கே வாங்குவதா? கொண்டு செல்பவர் கைபிடியைத் திருப்பி, மிதிகளைக் கழற்றி, மரச்சட்டப் பெட்டியிலே கட்டிக் கப்பற்கூலி கொடுக்கவேண்டும். உப்புக்காற்று இரும்பைத் தின்னாதபடி எண்ணெய் பூசவேண்டும். அங்கே வாங்குபவரோ, வண்டியின் விலையோடு, அது துறைமுகத்திலிருந்து பாலைவனத்துக்கு ஏறிவந்த கூலியையும் சேர்த்தே கொடுக்கவேண்டும். அந்நாளிலே நல்ல வண்டி ஒன்றின் விலை கூலியாள் ஒருவரின் பல வாரச் சம்பளம்.

ஆயினும் விலையைவிட முக்கியமான வேறொன்று இருந்தது. கம்பி ஒடிந்தால், சங்கிலி அறுந்தால், ரயர் கிழிந்தால் மாற்றுறுப்பு எங்கே கிடைக்கும்? அவுஸ்திரேலிய நகரங்களிலே பட்டறைக்காரர் பலர் இங்கிலாந்திலிருந்து உறுப்புகளைத் தருவித்து, உள்ளூரிலே சட்டம் கட்டி வண்டி செய்து விற்றனர். அவ்வுறுப்புகள் எந்த அளவினவோ, அந்த அளவோடு ஒத்துப்போகும் வண்டியைப் பழுதுபார்ப்பது எளிது. அருமையாகச் செய்யப்பட்டதாயினும், ஒத்துப்போகாத வண்டி முதற் பழுதோடு கொட்டிலிலே சாய்ந்து நிற்கும். ஆகவே வண்டி எங்கே செய்யப்பட்டது என்பதைக் காட்டிலும், எங்கே பழுதுபார்க்கப்படும் என்பதே அதன் ஆயுளைத் தீர்மானித்தது.

தங்கவயலிலே துவிச்சக்கர வண்டி செய்த பணிகளுள் முதன்மையானது தபாற் பணியாகும். சுரங்கங்கள் நாளுக்கு நாள் புதிய இடங்களிலே தோன்றின. அரசாங்கத் தபாலும் தந்தியும் அவற்றைத் துரத்திப் பிடிக்க முடியாமற் பின்தங்கின. இலண்டனிலே பங்கு வாங்கியவருக்கோ, எந்தக் குழியிலே என்ன கிடைத்தது என்பதை உடனே அறியும் ஆவல். இந்த இடைவெளியைக் கண்டு, 1890களின் நடுப்பகுதியிலே ஜேம்ஸ் ஹீலி என்பவர் கூல்கார்டியில் துவிச்சக்கர விரைவுத் தபால் நிறுவனமொன்றை நடத்தினார். அதன் ஓட்டிகள் கடிதப் பையையும் தண்ணீர்ப் பையையும் கட்டிக்கொண்டு தொலைதூரச் சுரங்க முகாம்களுக்கு ஓடினர். 1897 ஆம் ஆண்டளவிலே லெபிரோய் ஏரித் தங்கவயலில் இயங்கிய துவிச்சக்கரத் தபால் தனக்கெனத் தனி முத்திரையும் வெளியிட்டது. முத்திரை சேர்ப்போர் இன்றும் அதனைத் தேடித் திரிகின்றனர்.

செய்தியைக் கொண்டோடிய வண்டி, வதந்தியின் பின்னாலும் ஓடியது. 1898 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்திலே கனோனா என்னும் ஊரிற் பெருந் தங்கக்கட்டி ஒன்று கிடைத்துவிட்டதாகப் பேச்சு எழுந்தது. அதனைக் கண்ட இடம் தமக்கு மட்டுமே சொல்லப்பட்டது என்றார் லோங் என்னும் பாதிரியார். மக்களின் வற்புறுத்தல் தாங்காமல், விடுதியொன்றின் மேன்மாடத்திலே நின்று, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அவர் அந்த இடத்தை வெளியிட்டார். அடுத்த கணமே கூட்டம் குதிரையிலும் வண்டியிலும் துவிச்சக்கரத்திலும் பறந்தது. ஆனால் அங்கே ஒன்றுங் கிடைக்கவில்லை. பாதிரியாரை எவரோ ஏமாற்றியிருந்தனர். கனோனாவும் பின்னாளிலே ஆளற்ற ஊராயிற்று.

இவ்வண்டியின் ஆற்றலை உலகறியச் செய்தவர் ஆதர் ரிச்சர்ட்சன். இவரும் குடியேறியவரே. பிரேசில் நாட்டிற் பிறந்து, சிறு வயதிலே தென் அவுஸ்திரேலியாவுக்கு வந்து, பின்பு கூல்கார்டிக்குச் சென்றவர். 1896 நவம்பர் 24 ஆந் திகதி, ஒரு சிறு பொதியும் ஒரு தண்ணீர்ப் பையும் மட்டும் கொண்டு கூல்கார்டியிலிருந்து புறப்பட்டார். தந்திக் கம்பத்தைத் துணையாகக் கொண்டு, நல்லாபோர் என்னும் மரமற்ற சமவெளியைக் கடந்து, 31 நாளில் அடிலெயிட் நகரை அடைந்தார். அச்சமவெளியைத் துவிச்சக்கர வண்டியிற் கடந்த முதல்வர் இவரே. பின்னர் 1899 யூன் 5 ஆந் திகதி பேர்த் நகரிலிருந்து கிளம்பி, கண்டம் முழுவதையும் சுற்றி, 1900 பெப்ரவரி 4 ஆந் திகதி அதே நகருக்கு மீண்டார்.

இதுவரை சொன்னவற்றைக் கேட்கும்போது, குதிரையும் வேண்டாம், தீனியும் வேண்டாம், எவர் தயவும் வேண்டாம் என்று தனித்தோடும் வண்டியே துவிச்சக்கர வண்டி என்ற எண்ணம் தோன்றும். அந்நாளிலே அதனை ஓட்டியவரும் அவ்வாறே எண்ணியிருக்கக்கூடும். ஆனால் வரலாற்றைச் சற்றுக் குனிந்து, சில்லின் கீழே இருந்த மண்ணைப் பார்த்தால் வேறு கதை தெரிகின்றது.

அந்த மணற்காட்டிலே அவ்வண்டிகள் எதன் மேல் ஓடின? ஒட்டகங்களின் காலடித் தடத்தின் மேலே ஓடின. ஒட்டகத்தின் அகன்ற மெத்தென்ற பாதம், வரிசை வரிசையாக ஒரே தடத்திற் பதிந்து, மண்ணை இறுக்கி, ஓரடி அகலத்தில் வழவழப்பான ஒற்றையடிப் பாதையை உண்டாக்கிற்று. துவிச்சக்கர வண்டிக்கு அதனிலும் ஏற்ற பாதை வேறில்லை. அந்த ஒட்டகங்கள் கராச்சித் துறையிலிருந்து கப்பலேற்றப்பட்டவை. அவற்றை நடத்தி வந்தவர்கள் ஆப்கானிஸ்தானம், பலுசிஸ்தானம், சிந்து, பஞ்சாப் முதலிய இடங்களைச் சேர்ந்தவர்கள். அனைவரையும் ‘ஆப்கானியர்’ என்ற ஒரே பெயராலேயே அங்குள்ளோர் அழைத்தனர். பைஸ் மகமது, தாக் மகமது என்னும் சகோதரர் இருவர் தங்கவயல்களிலே ஒட்டகப் போக்குவரத்தைப் பெருந் தொழிலாக நடத்தினர். உணவும் இயந்திரமும் தண்ணீரும் அவர்களுடைய ஒட்டகங்களின் முதுகிலே போயின. ஆயினும் தங்கம் அகழும் உரிமைச் சீட்டு ஆசியருக்குச் சட்டத்தாலே மறுக்கப்பட்டது. பாதையை அமைத்தவருக்கு, அப்பாதை சென்று முடியும் குழியிலே இடமில்லை.

வண்டி தண்ணீர் குடிப்பதில்லை. ஆனால் அதன் ஓட்டி குடிக்கவேண்டும். அந்தத் தண்ணீர் எங்கே இருந்தது? பாறைக் குழிகளிலும் மணலடி ஊற்றுகளிலும் இருந்தது. அவற்றைத் தலைமுறை தலைமுறையாக அறிந்து, தழையும் கல்லும் இட்டு மூடிக் காத்து, அளவோடு அருந்தி வாழ்ந்தவர்கள் அந்நிலத்தின் பூர்வகுடிகள். குடியேறியவர் அந்த நீர்நிலைகளைத் தேடிப் பிடித்தனர்; குதிரையும் ஒட்டகமும் ஒரே நாளிலே அவற்றை வற்றச் செய்தன. சில வேளைகளில் அந்த அறிவு வன்முறையாலே பறிக்கப்பட்டது. முன்னே நாம் கண்ட கார்ணகி, 1896 ஆம் ஆண்டிலே கூல்கார்டியிலிருந்து வடக்கே பாலைவனத்தை ஆராயப் புறப்பட்டார். பூர்வகுடிகளைப் பிடித்துக் கட்டி வைத்து, நீருள்ள இடத்தைக் காட்டும்படி செய்ததை, 1898 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே அவர் தாமே எழுதியுள்ளார். அவர் துணிவைப் பாராட்டுவோர் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

பாதையிலே கிடந்த முள்ளுக்குங்கூட ஒரு வரலாறு உண்டு. நமது நெருஞ்சியைப் போல, எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல்நோக்கி நிற்கும் ஒரு முள், மேற்கு அவுஸ்திரேலியாவின் விளைநிலப் பகுதிகளிலே ரயருக்குப் பெரும் பகையாக விளங்குகின்றது. அது அந்நாட்டு முள்ளன்று. 1830 ஆம் ஆண்டளவிலே குடியேறியவர்கள் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து கீரையாக உண்பதற்கெனக் கொண்டுவந்து நட்ட செடியே அவ்வாறு பரவியது. ஒரு தலைமுறை கொண்டுவந்த கீரை, மறு தலைமுறை கொண்டுவந்த வண்டியின் காற்றைப் போக்கிற்று. எடுத்துச் செல்லும் பொருளை எண்ணிப் பார்த்தே எடுக்கவேண்டும் என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டுமோ?

தங்கவயலின் தாகத்தை முடிவிலே தணித்தது ஒரு நீர்க்குழாய். ஐரிஷ்காரரான ஓ’கொனர் என்னும் பொறியியலாளர், பேர்த் நகருக்கு அருகிலுள்ள மண்டாரிங் என்னுமிடத்தில் அணை கட்டி, அங்கிருந்து 530 கிலோமீற்றர் தூரம் குழாய் வழியே நீரை மேலேற்றிக் கொண்டுசெல்லும் திட்டத்தை வகுத்தார். ஏளனமும் பழிச்சொல்லும் அவரைச் சூழ்ந்தன. 1902 மார்ச்சு மாதத்திலே அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜனவரியிலே தண்ணீர் கல்கூர்லியை அடைந்தது. நீரும் புகையிரதமும் பின்பு மோட்டாரும் வரவே, துவிச்சக்கர வண்டி தன் பெரும் பணியிலிருந்து மெல்ல ஒதுங்கி, வேலைக்குப் போவோரின் எளிய வண்டியாயிற்று.

அந்த மண்டாரிங் என்னும் ஊரிலே இன்று மற்றொரு பாதையும் தொடங்குகின்றது. காட்டின் ஊடாக ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் செல்லும் அப்பாதை, துவிச்சக்கர வண்டிக்கென்றே அமைக்கப்பட்டு, 2013 ஆம் ஆண்டிலே நிறைவு பெற்றது. அது சென்று முடியும் இடம், கொழும்பிலிருந்து சென்ற கப்பல்கள் முன்னாளிலே நங்கூரமிட்ட அதே அல்பனித் துறை. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் ‘முண்டா பிடி’. அந்நிலத்தின் பூர்வகுடிகளான நூங்கர் மக்களின் மொழியிலே, காட்டினூடே செல்லும் வழி என்பது அதன் பொருள். ஒரு பெயரினால் பழைய கடன் தீர்ந்துவிடாது. ஆயினும் கடன் உண்டென்பதை ஒப்புக்கொள்வதற்கு அதுவும் ஒரு தொடக்கமே.

நேயர்களே, வெளிநாடு செல்பவர் துவிச்சக்கர வண்டியைக் கொண்டு செல்லலாமா, வாங்கலாமா என்று கேட்டால், கப்பற்கூலியையும் மாற்றுறுப்பையும் எண்ணி எதனையும் செய்யலாம் என்பதே விடை. வண்டியைக் கப்பலில் ஏற்றலாம். ஆனால் அது ஓடும் பாதையை ஏற்ற முடியாது. ஓட்டி அருந்தும் நீரை ஏற்ற முடியாது. வழியிலே சில்லைக் கழற்றி ஒட்டுப்போட்டுத் தரும் கையையும் ஏற்ற முடியாது. அவை போய்ச் சேரும் நாட்டிலே, நமக்கு முன்னரே அங்கிருப்பவரால் நமக்குத் தரப்படுவன. அவற்றைப் பெற்றுக்கொள்கிறோம் என்ற நினைவும், பெற்றதற்கு ஈடாக நாம் செய்யவேண்டியது யாது என்ற கேள்வியும் பெட்டியிலே இடம் பிடிப்பதில்லை. ஆகவே அவ்விரண்டையும் மறவாமல் எடுத்துச் செல்வது நன்று.